ஒன்றுவிட்ட சனிக்கிழமைகள்

நீதிமன்றம் எனக்குச் சனிக்கிழமைகளை
ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுத்தது.
ஒன்றுவிட்ட சித்தப்பா உண்டென்றால்
ஒன்றுவிட்ட அப்பாவும் இருக்கலாம்தானே.
பத்தேகாலுக்கு டூபிங்கனில் இறங்குவேன்.
ஏழு நாலுக்குத் திரும்ப ரயில்.

பாலத்தடிச் சுற்றுலா அலுவலகத்தில்
மடிப்புத்தாள் இலவசம்:
'குடும்பத்தோடு காண வேண்டியவை.'
மார்ச்சிலிருந்து ஒவ்வொன்றாக அடித்து வருகிறோம்
இர்மாவும் நானும்,
மளிகைச் சீட்டுப்போல.

கோட்டை அருங்காட்சியகத்தில்
குடும்பச் சீட்டா என்று கேட்டாள் கவுன்ட்டர் பெண்.
பெரியவர் இருவர், பிள்ளைகள் எத்தனை ஆனாலும் ஒரே விலை.
கணக்குப் போட்டேன்.
தனித்தனியாக வாங்கினால் மூன்று யூரோ மிச்சம்.
மிச்சத்துக்கு ஒரு ஐஸ்கிரீம்.
அவள் தின்றாள், நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே, இருட்டறைக் கண்ணாடிக்குள்,
மாமூத் தந்தத்தில் ஒரு குதிரை.
என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
வயது நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கலாமாம்.
கழுத்து மட்டும் இன்னும் யாரையோ முறைக்கிறது.
"காலை யார் ஒடிச்சது?"
காவலர் ஹார்ட்முட்
(பெயர் சட்டைப்பையில் குத்தியிருந்தது)
யோசித்துத்தான் சொன்னார்:
"யாரும் ஒடிக்கல பாப்பா. இருந்து இருந்து ஒடிஞ்சது."
இர்மா ஒப்பவில்லை.
படியிறங்கி முடியும்வரை
ஒருத்தராவது இருந்தாகணும் என்றாள்.
என் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. குனிந்து
வெகுநேரம் கட்டினேன்.

ஜூனில் படகுப் போட்டி.
தேனீ வேஷம் போட்ட சட்டக் கல்லூரிப் பையன்கள்
கழி ஊன்றி, பாலத்தூணில் முட்டி,
ஒருவர் படகை ஒருவர் திட்டிக்கொண்டு.
கடைசி அணி மீனெண்ணெய் குடிக்க வேண்டும், அது வழக்கம்.
நானும் இங்கே படித்தவன்தான்,
மூன்று பருவம், நிலவியல்.
எனக்கும் ஒரு வருடம் அந்த எண்ணெய் கிடைத்தது.
கரையில் நின்று சிரித்தவள் கெர்லிண்டே.
இதை இர்மாவிடம் சொல்லவில்லை.
என் தோளில் உட்கார்ந்திருந்தவள்
ஜெயித்த படகைத் திரும்பியும் பார்க்கவில்லை,
குடிக்கிறவர்களின் முகத்தையே பார்த்தாள்.

அக்டோபரில் வாத்துப் பந்தயம்.
லாரி கவிழ்த்த எலுமிச்சம்பழங்கள் மாதிரி
நெக்கர் ஆற்றில் மஞ்சள் ரப்பர் வாத்துகள்.
எங்களுடையது 2318.
முதல் வாத்துக்கு சைக்கிள் பரிசு,
கைதட்டல், வாத்தியம், மழைத்தூறல்.
நீர்புகாக் கால்சட்டை போட்ட தீயணைப்புக்காரர்கள்
வலைபோட்டு வாரி மூட்டை கட்டினார்கள்.
எல்லோரும் போய்விட்டார்கள்.
ஒரே ஒரு வாத்து
அரளிமரமோ வில்லோவோ, ஏதோ ஒரு மரவேரில் சிக்கி
தலையாட்டிக்கொண்டிருந்தது.

"அதுதான் நம்மது."
"எப்படித் தெரியும்?"
"கடைசியா வருதே."

ஏழு நாலு போயிற்று.
கெர்லிண்டேவைக் கூப்பிட்டு, தாமதமாகும் என்றேன்.
தோட்டத்து இலைவாரியோடு வந்தாள்,
கோட்டுக்குக் கீழே வீட்டுச் செருப்பு.
ஒன்றும் கேட்கவில்லை.
நான் சரிவில் படுத்துக் கையை நீட்ட
பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"விட்டுடாதே" என்றேன்,
ஆற்றைப் பார்த்துத்தான்.
"வாத்தைப் பாரு" என்றாள்.

எடுத்தபோது எண் 941.
இர்மா சட்டையில் துடைத்தாள், இரண்டுதரம் படித்தாள்,
பிறகு யாருடையதோ, தேடுவார்கள் என்று
நடு ஆற்றுக்கே வீசி எறிந்தாள்.
மூவரும் பார்த்தோம். பாலத்தின் நிழல்வரை தெரிந்தது.
அப்புறம் கெர்லிண்டே இலைவாரியைத் தோளில் சாய்த்து
இர்மாவின் ஈரக் காலுறையைப் பற்றிப் பேசிக்கொண்டே
மேட்டில் ஏறினாள்.

எட்டு நாலு ரயிலில் என் வரிசையில் யாரும் இல்லை.
பெல்ட் ஒரு பக்கமாக முறுக்கிக் கிடந்தது.
சரிசெய்யவில்லை.
மடிப்புத்தாளைப் பிரித்தேன்,
மிச்சம் ஒன்றுதான்:
டிசம்பர், சாக்லேட் சந்தை, ஆறு நாள்.
அதில் விழுகிற சனி
என்னுடையதா, விட்ட ஒன்றா என்று
விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.