கைகழுவுதல்

பேனை இருந்தது. தாள்தான் எட்டவில்லை.
பதினேழாம் கட்டிலின் டிக்கெட்
விடுதியின் மறு அந்தத்தில், மேசையில் கிடந்தது.
எண்பதுக்கு ஐம்பது.
இடது உள்ளங்கையில் எழுதினேன்.
டொக்டருக்கு அழைத்தேன். "வாறன்" என்றார்.
அதன் கீழே எழுதினேன்: 2.10.

நாற்பத்தொரு பேருக்கு நாங்கள் இரண்டு பேர்.
ரிஸ்மியா வாசலோரம்
புதிதாய் வந்த பையனின் தொடையை
இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.
இருபத்திரண்டாம் கட்டில் ஐயா
சேலைனைப் பிடுங்கி எறிந்துவிட்டு
தெமட்டகொடைக்குக் கடைசி பஸ் போய்விட்டதா என்று
என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரைத் தொடுமுன் கை கழுவ வேண்டும்.
கழுவினேன்.
விரலிடுக்கு, நகக்கண், பெருவிரல், மணிக்கட்டு,
சுவரில் ஒட்டிய படத்தில் உள்ளபடி
ஒரு படியும் தப்பாமல்.
நீல மை
குழாய்த் தண்ணீரோடு
கொழும்பின் அடிவயிற்றுக்குள் போனது.

டொக்டர் வந்தது மூன்று ஐந்துக்கு.
அதை அவர் எழுதினார். அழகான கையெழுத்து.

பஸ்தியாம்பிள்ளை பிழைத்தார்.
அவருடைய சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை.
முகத்துவாரத்தில் வலை இழுத்த கை
கிழமைக்கு இரண்டு தரம்
ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் சும்மா கிடக்கிறது.

பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல்.
பிழைத்தல் என்றால் தவறு செய்தல்.
விசாரணை சிங்களத்தில் நடந்தது.

மூன்று பேர், ஒரு மின்விசிறி, ஒரு மஞ்சள் கோவை.
அழைத்தீர்களா?
அழைத்தேன்.
எங்கே எழுதியிருக்கிறது?
கையை நீட்டினேன்.
தட்டச்சுக்காரப் பெண் மட்டும் எட்டிப் பார்த்தாள்.
"எழுதாதது நடக்காதது, மிஸ்."

டொக்டர், நினைவில்லை என்றார்.
பொய் என்று என்னால் சொல்ல முடியாது.
முப்பது மணித்தியாலம் உறங்காத கண்
எதை வைத்திருக்கும், எதை விட்டுவிடும்?

வாக்குமூலத்தைத் திருப்பி வாசிக்காமல்
ஒப்பமிடாதே என்று சங்கத்து அண்ணர் சொன்னார்.
நான் இட்டு அன்றைக்கு மூன்றாம் நாள்.

கடிதம் வந்தது. இ. தயாபரி, தாதிய உத்தியோகத்தர்.
எச்சரிக்கை. சம்பள ஏற்றம் ஆறு மாதம் பின்னுக்கு.
படிக்கட்டில் பஸ்தியாம்பிள்ளையின் மகள் ஜெசிந்தா
பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்,
எனக்குக் கேட்கும்படியாகவே:
"அப்பாவைக் கைகழுவி விட்டவ இவதான்."
உண்மைதான் தங்கச்சி.
கழுவினேன். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

இப்போது சட்டைப் பையில் ஒரு குட்டிக் கொப்பி.
முதலில் நேரம், பிறகு பெயர், பிறகுதான் மூச்சு.
புதுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும்.

அயர்லாந்துக்குப் போகும் படிவத்தில்
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி:
எப்போதாவது உம்மீது விசாரணை நடந்ததுண்டா?
இரண்டு பெட்டிகள். விரல்நகம் அளவுதான்.
"இல்லண்டு போடு புள்ள," என்றாள் ரிஸ்மியா,
"கடல் தாண்டி ஆரு வந்து பாக்கப் போற?"
அவள் சொன்னது அன்பு.
அன்றிரவு பையனின் தொடையை விட்டு
ஒரு நிமிடம் அவள் வந்திருந்தால்
எனக்குச் சாட்சி இருந்திருக்கும்,
பையன் இருந்திருக்க மாட்டான்.
அதையும் நாங்கள் பேசுவதில்லை.

ஆம் என்ற பெட்டியில் புள்ளடி இட்டேன்.
நாலு பக்கம் விளக்கம் எழுதினேன்.
ஐம்பத்தைந்து நிமிடத்தை
நாலு பக்கத்தில் மடிப்பது லேசில்லை.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
போட்டோகொப்பிக் கடை.
இயந்திரத்துக்கு மூடி உடைந்திருந்தது.
தாள் பறக்காமல் நானே அமுக்கிப் பிடித்தேன்.
பச்சை வெளிச்சம் ஓடிப் போனது.
பிரதியின் ஓரத்தில்
என் இடது உள்ளங்கை விழுந்திருந்தது,
ரேகையெல்லாம் தெரிய, வெறுமையாக.
"கை விழுந்திட்டுது அக்கா, இன்னொன்று அடிக்கவா?"
றெயில் ஒன்று கடலோரம் போய் முடியும் வரை
அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.