ஐந்தாம் கவுண்டர்

மதுரை ஜங்ஷன் முன்பதிவு மையத்தில்
ஐந்தாம் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால்
நான் உட்கார்ந்திருக்கும் வரை
யாருக்கும் என் உயரம் தெரியாது.
டீ குடிக்க எழுந்தால்
வரிசை மொத்தமும் அண்ணாந்து பார்க்கும்.
ஆறடி ஓரங்குலம்.

ஞானஒளிவுபுரத்தில் எட்டாவது முடிப்பதற்குள்
டவுன்பஸ் கூரை தலைக்கு வந்துவிட்டது.
கழுத்தைச் சாய்த்தபடியே படித்தேன்.
"ஏத்தா, மேல மழை பெய்யுதா?" என்பார் கண்டக்டர்.
ஆடுவதற்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.
சன்ஷேடில் சிக்கிய பந்தை
எடுத்துத் தரத்தான் கூப்பிட்டார்கள்.
எடுத்தேன்.
தரவில்லை.

அரசரடி மைதானத்தில் ஒரே வளையம்,
வலை கிடையாது.
பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று
தினமும் பஞ்சாயத்து.
கம்பியில் இடித்து, சுற்றி, தயங்கி விழுந்தால்
எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள்.
எதையும் தொடாமல் நேராக விழுந்ததற்குத்தான்
சாட்சி கிடைக்காது.

டவுன்ஹால் ரோட்டில் ஆண்கள் ஷூ, பதினோராம் நம்பர்.
"தம்பிக்கா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
எனக்குத் தம்பியே இல்லை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த ரயில்வே உத்தரவை
அப்பா மாதா படத்துக்கு முன்னால் வைத்தார்,
பந்தை வாசலுக்கு வெளியே.
பெண் பார்க்க வந்தவர்களுக்கு
உட்கார்ந்தபடியே காபி கொடுக்கச் சொன்னாள் அம்மா.
நான்கு வீட்டார் வந்தார்கள்.
நான்கு பேருக்கும் எழுந்து நின்றேன்.

பதினோரு வருஷம்.
கோரக்பூர், கபூர்தலா, ஹூப்ளி, பிலாஸ்பூர்.
ரயில் படுக்கைக்கு வெளியே நீண்ட என் பாதங்களில்
இந்தியா முழுக்க இடித்துக்கொண்டு நடந்தது.
கூடை போடுகிறவள் இல்லை நான்.
மற்றவர்கள் தவறவிட்டதைப் பிடிக்கிறவள்.
பேப்பரில் பெயர் வந்தது இரண்டு தடவை,
ஒரு தடவை வினோலியா,
ஒரு தடவை வினோதினி.

பிலாஸ்பூர் அரையிறுதி, தமிழ்நாட்டுக்கு எதிராக.
அந்த ஊரிலேயே எனக்குப் புரிந்த கெட்டவார்த்தைகள்
எதிரணி பேசியவை மட்டும்தான்.
கடைசி நிமிடம்.
திரும்பி வந்த பந்துக்கு
நானும் சேலத்துக்காரி இளவஞ்சியும் எகிறினோம்.
இறங்கும்போது இரண்டு சத்தம் கேட்டது.
ஒன்று என் முழங்கால்,
ஒன்று அவள் சுண்டுவிரல்.
எது எதுவென்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

மூன்று ஆபரேஷன், ஒரு சுழல் நாற்காலி.
இத்தனை மணிக்கு வைகை, இத்தனை மணிக்குப் பாண்டியன்,
ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட், சில்லறை இல்லை.

போன செவ்வாய்க்கிழமை
கண்ணாடி ஓட்டைக்குள் ஒரு படிவம் நுழைந்தது.
உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி,
பன்னிரண்டு பெண்கள், ஒரு பயிற்சியாளர்.
பிடித்திருந்த கையில்
சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் பார்த்து வளைந்திருந்தது.

முகத்தைப் பார்க்க அவசரமில்லை எனக்கு.
"விரல் எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"விசில் பிடிக்கத் தோதா இருக்கு. முட்டி?"

"மழைக்கு முந்தின நாளே சொல்லிரும்."

"அங்குட்டு என்ன வளவளன்னு" என்று பின்னாலிருந்து ஒருவர்.
"வெரசா விடுங்கம்மா, தக்கால் போயிரும்."

அவள் குனிந்து
பன்னிரண்டாவது பெயரை அந்த வளைந்த விரலால் தொட்டாள்.
"பதிமூணு வயசு. இவளுக்கு சைடு பெர்த் மட்டும் போட்டுராத."
வேறு எதுவும் சொல்லவில்லை.

மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டேன்,
மெஷின் சைடிலேயே தள்ளியது.
நான்காவதில் விழுந்தது
மேல் படுக்கை, கால் நீட்ட வழி உள்ளது.

டிக்கெட்டை ஓட்டை வழியாகவே கொடுத்திருக்கலாம்.
எழுந்து
கண்ணாடிக்கு மேலாகக் கொடுத்தேன்.