வந்திருச்சா?

எட்டரைக்கு மேகம் இறங்கினால்
எட்டு முப்பத்திரண்டுக்கு எனக்குப் போன் வரும்.
பிளையரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு
மூணாம் லயத்திலிருந்து அஞ்சாம் லயத்துக்கு ஏறுவேன்.
கூரையில் பதினொரு டிஷ்,
பதினொன்றும் ஒரே திசைக்குக் காது கொடுத்தபடி.
கோயிலில்கூட ஜனம்
இவ்வளவு ஒழுங்காய் நின்று நான் பார்த்ததில்லை.

இன்று வெள்ளி.
மூன்று வாரம் இழுத்த முடிச்சு அவிழ்கிற நாள்.
"அம்மன் குளத்தைப் பொளந்துகிட்டு வரணும்,
சுடுகாட்டுக்காரன் எரியணும்,
அதுக்குள்ள ஏறுங்க தம்பி" என்கிறாள் மரகதவல்லி.

எனக்கு அந்த நாடகம் தெரியும்,
பாதிப் பாதியாய், தகரத்தின் மேலிருந்து, காதால்.
நல்லவள் அழுதால் வீணை.
அம்மன் வருமுன் உடுக்கை.
வந்த கையோடு சவர்க்கார விளம்பரம்.
ஒருநாள் இறங்கி வந்து
கெட்டவன் முகத்தையும் பார்த்தேன்:
கறுப்பு, முறுக்கு மீசை, வாயில் சுருட்டு,
காலடியில் சாராயப் போத்தல், அறுத்த சேவல்.
எங்கேயோ பழகிய முகம்.

ஃபெக்டரிக்குப் பின்னால்
சூலம் நட்ட கல்லில் இருக்கிறார்,
ரோதமுனி.
சக்கரத்துக்குள் கை போகாமல் காக்கச் சொல்லி
அப்பா வருஷம் ஒரு சேவல் கொடுத்தவர்.
இவருக்கும் சுருட்டு உண்டு.
இவரைத்தான் அங்கே
வெள்ளித் தட்டில் மாதுளை தின்கிற சாமி வந்து
எரிக்கப் போகிறது.

சொன்னேன் மரகதவல்லியிடம்.
"அது டீவி முனி, இது நம்ம முனி" என்றாள்,
போன ஆடியில் சேவலின் காலைப் பிடித்தவள்.
"சாமிக்குள்ள சண்டைன்னா
நமக்கென்ன நடுவுல வேலை?"

சபைக்குப் போகிற ஜெசிந்தா
கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பாள்.
பேய் ஓட்டுவது அவளுக்கும் பிடிக்கும்.
கீழ்வீட்டு சோமலதா ஒரு சொல்லும் புரியாமல் அழுவாள்;
குளத்தில் எழுகிறவள் பத்தினி தெய்யோவாம்.

மவுஸாக்கலைத் தண்ணீருக்கடியிலும்
ஒரு கோயில் இருக்கிறது.
மழை பொய்த்தால் மேலே வரும், இடுப்புவரை சேறு.
யாரையும் எரித்ததில்லை.
கொஞ்ச நாள் நிற்கும், படம் எடுப்பார்கள்,
மழை வந்ததும் உள்ளே போய்விடும்.

தகரம் வழுக்குகிறது.
நகத்தளவு திருப்புகிறேன்.
"வந்திருச்சா?"
"இல்ல!"
"இப்ப?"
"வந்து வந்து போவுது!"

இதே கேள்வியை இதே குரலில்
கரகத்துக்கு முன்னால் நின்றும் கேட்டிருக்கிறோம்.
அம்மாவுக்கு ஒரேயொரு தடவை வந்தது.
திருவிழாவில் இல்லை, கொழுந்து மடுவத்தில்,
ரெண்டு கிலோ குறைந்ததென்று
அரைப்பேர் போட்ட சாயங்காலம்.
முடி அவிழ்ந்தது.
தராசைப் பிடித்து உலுக்கினாள்.
கணக்கப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.
முழுப்பேர் விழுந்தது.
வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டாள்.
அது ஆத்தாளா அம்மாவா என்று
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"வந்திருச்சு! வந்திருச்சு!"
கீழே யாரோ குலவை போடுகிறார்கள்.
உடுக்கை தகரத்தில் அதிர்ந்து
என் உள்ளங்காலுக்கு ஏறுகிறது.
பள்ளத்தில், பூட்டிக் கிடக்கும் ஃபெக்டரிக்குப் பின்னால்
ஒரு சின்ன நெருப்பு.
சூடமா சுருட்டா,
இந்தத் தூரத்தில் தெரியவில்லை.
காலுக்குக் கீழே அவன் அலறத் தொடங்கினான்.

பிளையர் இன்னும் கையில்தான் இருந்தது.
நகத்தளவு.

"ஐயோ, போச்சே!"

மேகம் என்றேன்.