நாய் இல்லை

மெஹிகாலியில் ஆகஸ்ட் மாதம்
தார்ச்சாலை செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
தோளில் மருந்துத் தெளிப்பான்,
இடுப்புப் பையில் கழுத்துப்பட்டைகள்.
எல்லாம் நாய்களுக்கு.
என் வேலை, வாசலில் நின்று கை தட்டுவது,
நாய் இருக்கிறதா என்று கேட்பது,
இல்லை என்பவர்களின் முதுகுக்குப் பின்னால்
மூன்று நாய்கள் எட்டிப் பார்ப்பதைப்
பார்க்காதது போல் நிற்பது.

எங்கள் பேட்டையில் சுவர்கள் பாதிதான் சுவர்.
மீதி, எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ கழற்றிப் போட்ட
கார்க்கொட்டகைக் கதவு, மெத்தை ஸ்பிரிங்,
தேர்தலில் தோற்றவரின் பேனர்.
விரிசல் இருக்கும் இடத்தில் உண்ணி இருக்கும்.
பசித்திருந்தால் எள்ளளவு,
உண்டு முடித்தால் ஆமணக்குக் கொட்டை.
அதற்குக் கண் சரியாகத் தெரியாது.
நம் மூச்சு வரும் திசையில்
முன்னங்கால்களை விரித்துக் காத்திருக்கும்,
விமான நிலையத்தில்
கட்டிக்கொள்ள வந்து நிற்கும் உறவுக்காரரைப் போல.
தன் வயிற்றில் இன்னொன்று குடியிருப்பது
அதற்கும் தெரியாது.

பதினோராம் வீட்டு யாரெட்டுக்கு வயது ஏழு.
ஜூலை கடைசியில் காய்ச்சல்.
டெங்கு என்றார்கள்.
மறுநாளும் டெங்கு என்றார்கள்.
மூன்றாம் நாள் மணிக்கட்டில் புள்ளிகள்,
கணுக்காலில், அப்புறம் உள்ளங்கையில்,
யாரோ சிவப்பு மை தொட்டு
வருகைப் பதிவு எடுத்ததைப் போல.
பயிற்சி டாக்டர் ஒலெகாரியோ, மீசை முளைக்காத பையன்,
சரியாகத்தான் நினைத்தான்.
டாக்ஸிசைக்ளின் என்று நாக்கு நுனிவரை வந்தது.
எப்போதோ படித்த ஒரு வரி குறுக்கே நின்றது:
எட்டு வயதுக்குள் கொடுத்தால் பல்லில் கறை விழும்.
பெண் குழந்தை வேறு.
பெரிய டாக்டரைக் கேட்டுக் காலையில் தொடங்கலாம் என்றான்.

காலை வந்தது.
பற்கள் வெள்ளையாகவே இருந்தன.

தெருவில் மூன்று பேர் கயிறோடு கிளம்பினார்கள்.
பெல்லோட்டாவைக் கேட்டு
அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.
தெல்ஃபினா குறுக்கே நின்றாள்.
"அவள் கட்டிலுக்கடியில் படுத்த நாய்.
கட்டிலையும் கொளுத்துவீர்களா?
அவள் தலையணையை?"
கயிறைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

இதை இங்கே சொல்லிவிடுகிறேன்.
ஜூனில் அதே வாசலில் கை தட்டினேன்.
நாய் இல்லை என்றாள்,
அபராதம் போடுவேன் என்று பயந்து.
அவள் பாவாடையை உரசிக்கொண்டு
பெல்லோட்டா வாலாட்டியது.
பையில் நான்கே பட்டைகள். மணி பன்னிரண்டரை.
இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீடு போனேன்.
டாக்டரை ஏசும் கூட்டத்தில்
என் குரல் மட்டும் ஏன் எழவில்லை என்று
யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் தம்பிக்குக் காய்ச்சல்.
ஏலியுட், நாலு வயது.
இம்முறை ஒலெகாரியோ யாரையும் கேட்கவில்லை,
ரத்த முடிவுக்குக் காக்கவில்லை.
மாத்திரையைப் பொடித்துக் கொய்யாச் சாற்றில் கலக்கும்போது
கரண்டி கிளாசில் இடித்துக்கொண்டே இருந்தது.
இரண்டாம் இரவு வியர்த்தது.
மூன்றாம் நாள் தோர்த்தியா கேட்டான்,
உப்பு போடச் சொன்னான்.

அக்டோபரில் பட்டை மாற்றப் போனேன்.
தெல்ஃபினா உள்ளே கூப்பிட்டாள்.
பையனை மடியில் கிடத்தி
போன் வெளிச்சத்தை வாய்க்குள் பாய்ச்சினாள்.
"தினமும் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை.
நீ பார். எங்கேயாவது மஞ்சள்?"

பார்த்தேன்.
வெள்ளைச் சோள மணிகள், வரிசை பிசகாமல்.
அவன் கூச்சம் தாங்காமல் சிரித்தான்.
ஒரு பழுப்புக்கூட இல்லை.
எதற்காக அந்த ஓர் இரவு என்று
அவள் கேட்கப்போகும் கேள்வி
அந்தச் சின்ன வாய்க்குள்
அத்தனை வெளிச்சத்தில் கிடந்தது.

"இருக்கிறது," என்றேன்.
"கடைவாயில். லேசாக. உற்றுப் பார்த்தால்தான்."

அவள் விளக்கை அணைத்தாள்.
பெல்லோட்டா தன்பாட்டுக்கு வந்து
கழுத்தை நீட்டியது.
வெளியே வெயிலில் நின்று படிவத்தை நிரப்பினேன்:
நாய் ஒன்று.
பட்டை ஒன்று.