தொடர்ச்சிக் கொப்பி

உளவாளிக்கு இடது புருவத்தில காயம்.
கதவைத் திறந்து உள்ள வந்தால் வலது புருவத்தில.
எழுதி வைச்சன். ஒருத்தரும் வாசிக்கேல்லை.

குருநகரில இருபத்தாறு நாள் சூட்டிங்.
பாக்கிறதுதான் எனக்குச் சம்பளம்:
சிகரெட் எவ்வளவு எரிஞ்சிருக்கு,
சேட்டில எத்தினை பொத்தான் பூட்டியிருக்கு,
தேத்தண்ணிக் கோப்பையின்ர காது எந்தப் பக்கம்.
மறைவிடத்துச் சுவர் மணிக்கூட்டுக்கு
பற்றரி போட மறந்திட்டினம்.
காலையும் நாலு பத்து,
கொலையும் நாலு பத்து.

கதை நடக்கிறது எண்பத்தாறில.
கூரைக்கு மேல சூரியத் தகடு மினுங்குது.
"ஆர் உதில மேல பாக்கப் போகினம்" எண்டார் இயக்குநர்.
எண்பத்தாறில எல்லாரும்
மேலதான் பாத்துக்கொண்டு திரிஞ்சவை எண்டு
சொல்ல வாயெடுத்தன்,
கிளாப் அடிச்சிட்டினம்.

துரத்தல் காட்சி.
பண்ணைப் பாலத்தால மேற்கே பறந்த கார்
அடுத்த வெட்டில நெல்லியடிச் சந்தியில நிக்குது.
இடையில கைதடி இல்லை, சாவகச்சேரி இல்லை,
ஒரு சென்றி கூட இல்லை.
எங்கட சனம் தியேட்டரில விழுந்து சிரிக்கப்போற இடம்.
கார் ஓடின குலவீரசிங்கம் மட்டும் சிரிக்கேல்லை.
"அப்பிடி ஒரு றோட்டு அப்ப இருந்திருந்தால்" எண்டிட்டு
முன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்,
ஏற்கெனவே துடைச்ச கண்ணாடியை.

பேந்து அந்தச் சுவர்.
ரெஜிபோமில வெடித் துளை முப்பது செய்து
வடிவா ஒட்டியிருந்தினம்.
பக்கத்தில பழசு ஏழு கிடந்தது,
நெஞ்சு உயரத்தில, கிட்டக் கிட்ட,
ஒண்டுக்குள்ள குளவி மண்கூடு.
மொனிற்றரைப் பாத்திட்டு இயக்குநர்,
"உந்த ஏழும் போலியாத் தெரியுது, பூசிவிடுங்கோ."
பூசினவை.
குளவி கனநேரம் சுவரைச் சுத்தினது,
அதால ஒரு ரேக் வீண்.
காட்சி நாப்பத்தேழு, துளை முப்பது, சரி
எண்டு என்ர கையாலதான் எழுதினன்.

கடைசி நாள் மீன்சந்தை.
நீலச் சேட்டுப் போட்ட துணைநடிகர் ஒருத்தர்
தூர ஷொட்டில திருக்கை தூக்கிக்கொண்டு நிக்கிறார்.
கிட்ட ஷொட்டில மீன் கிடக்கு,
ஆள் இல்லை.
"நீலச் சேட்டு எங்க? இப்ப இதில நிண்டவரல்லோ!"
கத்தின பிறகுதான்
என்ர சத்தம் எனக்கே கேட்டது.
சந்தை அப்பிடியே அடங்கிப் போச்சு.
நடிக்க வந்த பெண்டுகள்
ஆளை ஆள் பாக்காமல் நிலத்தைப் பாத்தினம்.
"சுப்பர், அந்த முகத்தை விடாதேங்கோ, றோல்!"
இயக்குநருக்கு ஒரே சந்தோசம்.

பத்து நிமிசத்தால வந்தார். பேர் செபமாலை.
"மூத்திரம் பெய்யப் போனனான் தங்கச்சி,
அதுக்கே உந்தக் கூப்பாடு?"
குனிஞ்சு மீனைத் தூக்கினார்.
முந்தி இடக்கையில இருந்தது,
இப்ப வலக்கையில.

வந்திட்டார்தானே.
நான் எழுதேல்லை.