ஈய முத்திரை

மே முப்பத்தொன்று.
கேப் வெர்டி, பவுல் பள்ளத்தாக்கு.
நள்ளிரவோடு தீவில்
குரோகு வடிக்கும் வாலைகள் அனைத்தும் வாய்மூட வேண்டும்.
பையில் கம்பி, குறடு,
கொட்டைப்பாக்களவு ஈய முத்திரைகள், என் பங்குக்குப் பதினாறு.
பதினைந்தை இறுக்கிவிட்டு வந்தேன்.

சுல்மிராவின் கொட்டகையில் மட்டும்
அடுப்பு எரிகிறது.
செம்புப் பானையும் மூடியும் சேரும் இடத்தில்
களிமண் காய்ந்து வெடிக்க
ஈரக்கையால் தடவியபடி சொல்கிறாள்:
"மாடு படுத்துக்கொண்டது, அதிகாரி.
நான் என்ன செய்ய?"

விசாரித்தேன். உண்மைதான்.
ஆலை சுற்றும் செவலை
பத்து நாள் முன் பாதி வட்டத்தில் மண்டியிட்டதாம்.
மீதிக் கரும்பை அவளும் கொழுந்தன் நெல்சிந்தோவும்
நுகத்தடிக்குத் தோள்கொடுத்துப் பிழிந்தார்களாம்.
பீப்பாயில் சாறு தன்பாட்டுக்குப் பொங்கி
தன்பாட்டுக்கு அடங்க ஏழு நாள்.
சர்க்கரை கொட்டியிருந்தால் இரண்டே நாள்.
கொட்டவில்லை என்பதை
எனக்கு முன்பே என் மூக்கு குறித்துக்கொண்டது.

பதினொன்று பத்து.
முதல் சொட்டுகள். தலை.
"இது குடித்தவன் கண்ணைக் கேட்கும்" என்று
தகரக் குவளையில் பிடித்து
என் முழங்காலில் தேய்க்கத் தருகிறாள்.
குளிர்ந்தது, பிறகு எரிந்தது.

அப்புறம் நெஞ்சு வருகிறது,
நூல் பிடித்தாற்போல்.
பாட்டிலில் ஏந்தி ஒரு குலுக்கு:
கழுத்தோரம் மணிமணியாய் நுரை,
உடைய மறுக்கிறது.
கடமையில் இருக்கிறேன், குடிப்பதில்லை.
முகர்ந்தேன். முகர்வதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.
மழையில் நனைந்த கரும்புத் தோகை,
அதற்குள் எங்கோ ஓர் எலுமிச்சைத் தோல்.

பன்னிரண்டு.
நெல்சிந்தோ என் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான்.
சுல்மிரா பார்க்கவில்லை.
சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாய்த்
தீயில் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

கரும்புக்கு அடி இனிப்பு, நுனி உப்பு.
இதற்கோ முதலும் ஆகாது, முடிவும் ஆகாது;
நடுவில் மூன்று மணி நேரம்தான் நல்லது.
அந்த நடுவில் நிற்கிறேன், குறடோடு.

ஒருவழியாய்க் குலுக்கியதும் மணிகள் உடைந்தன.
வால். நனைந்த நாயின் வாடை.
அவளே குழாயடியில் வேறு பானை வைத்தாள்,
அவளே தீயைக் கலைத்தாள்.

சூடு ஆறாத செம்பில் கம்பியைச் சுற்றும்போது
விரல் சுட்டது. ஈயத்தை நசுக்கினேன்.
பதிவேட்டில் 'நேரம்' என்றொரு கட்டம்.
கடிகாரம் பன்னிரண்டில் நின்றுபோயிருந்தால்
எவ்வளவு வசதி.
இரண்டு நாற்பது என்று எழுதினேன்.
காரணம்: மாடு.

வெளியே செவலை எழுந்து நின்று
சக்கையை மென்றுகொண்டிருந்தது.