மூடாத வட்டம்

உக்கடம் பழைய சாமான் கடையில்
மூன்று பிரிண்டரை உடைத்தெடுத்த ஸ்டெப்பர் மோட்டார்.
எடைக்கு எடை காசு.
செத்த யுபிஎஸ்ஸின் டிரான்ஸ்பார்மர்.
போர்டு நானே போட்டது:
எட்டு மாஸ்ஃபெட், ஒரு சில்லு,
அதற்கு முன் புகைந்துபோன ஆறு மாஸ்ஃபெட்.
நானூற்றுப் பதினேழு ரூபாய்,
விரல்நுனிக் கொப்புளம் சேர்க்காமல்.

முதல் வட்டம்
புறப்பட்ட இடத்துக்கு வந்து
ஒரு நெல் அகலம் தள்ளி நின்றது.

ஸ்க்ரூவைப் பார்த்தேன், கணக்கைப் பார்த்தேன்.
காலையில் மூடுகிறது, ராத்திரியில் மூடுவதில்லை.
இருநூறு தப்படி சொன்னாய்,
இருநூறும் வைத்தாயிற்று என்கிறது போர்டு.
வைத்த கால் வைத்ததுதானா என்று
திரும்பிச் சொல்ல
ஒரு வயரும் நான் இழுக்கவில்லை.

ஒன்பது மணி. சுவருக்கு அக்கட்டால
கோகிலவாணியக்கா கிரைண்டரைப் போட,
என் ட்யூப்லைட் கண்ணடித்தது.
அட கெரகமே.

கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கெப்பாசிட்டர்,
நாற்பது ரூபாய்.
மாவு அரைபடும்வரை பொறுத்திருந்தால்
அதுவும் மிச்சம்தான்.
பற்றவைத்துவிட்டுச் சுவரைத் தட்டினேன்.
"அக்கா, மறுபடி சித்தெ போடுங்க."
"அரைச்சு வழிச்சாச்சுங்களே."
"சும்மாவாச்சும் ஓட்டுங்க."

கல் உருளத் தொடங்கியது.
பேனா
கடைசிக் கால்வட்டத்தில்.